அடுப்பும் மைதானமும்

(ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த பெற்றோர்கள் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரவேற்புரையும் வாழ்த்துரையும் கொஞ்சம் நீண்டுவிட்டன. நான் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

1920ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், பி. தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுப்பது என்று தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக்கூடாது என்று வரம்பும் கட்டியது. மற்றொன்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே 1920இல், அதே சென்னையில், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். நந்தனம் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள். நம் பள்ளிகளுக்கு வாலிபாலும் பேஸ்கட்பாலும் வந்து சேர்ந்ததில் அந்தக் கல்லூரியில் படித்து வெளியேறிய டிரில் மாஸ்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, பள்ளிப் பிள்ளையின் வயிற்றைக் கவனிக்க ஒரு முயற்சியும் கைகால்களைக் கவனிக்க ஒரு முயற்சியும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஊரில் பிறந்தன. முதலாவது இன்று மாநிலம் முழுக்க வளர்ந்து நிற்கிறது. மற்ற மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது, கணக்கு ஆசிரியர் சிலபஸ் முடிக்கக் கடன் வாங்கும் பீரியடாக நிற்கிறது. இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

முதலில் அடுப்பின் கதை. அது ஒரே நாளில் ஜெயித்த கதை இல்லை. ஆயிரம் விளக்கில் தொடங்கியது இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது. பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் 1925இல் நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவு செய்ய ஆங்கிலேய அரசு சம்மதிக்கவில்லை. பிறகு 1950களின் நடுவில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது மதிய உணவு மறுபடி தலையெடுத்தது. அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் காயும் விறகும் சேர்ந்துதான் அந்த உலை கொதித்தது. 1960களில் ‘கேர்’ அமைப்பு அனுப்பிய பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்தன. அந்த உப்புமாவின் வாசனையை இன்னும் மறக்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். தலை நரைத்தவர்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறம், அதே செப்டம்பரில் நகரங்கள், 1984இல் 15 வயது வரை. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று அன்று கேட்டவர்கள் நிறைய. அவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அந்தத் திட்டம் சோற்றோடு கூடவே ஆளையும் கொடுத்தது. அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர். ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் முன்னுரிமை. காலையில் வந்து உலை வைப்பது இன்னாருடைய வேலை என்று பெயர் சொல்லிக் காட்டும் நிலை வந்தது. அந்த மூன்று பேருக்கும் சம்பளக் குறை இன்றுவரை தீரவில்லை. காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் போராடுவதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் அவர்கள் வராத நாளில் பிள்ளைகள் பட்டினி என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்து இடம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த கீற்றுக்கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. சமையல்கூடம் எங்கே இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று நாம் அதற்குப் பிறகுதான் கண்டிப்பாகப் பேச ஆரம்பித்தோம். அவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் அந்தப் பாடம் வந்தது. அதற்கு மேல் நான் அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாவது கணக்கு. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை முட்டை என்று தினமும் எழுதியாக வேண்டும். மேலே யாராவது ஒருவர் கேட்பார். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, ஆட்சிகள் மாறி மாறி, 2010இல் வாரம் ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013இல் சோதனையாக வந்து மறு ஆண்டு பரவலான கலவைச் சாத வகைகளும் அப்படித்தான். எந்தக் கட்சி வந்தாலும் இந்தத் தட்டிலிருந்து எதையும் எடுக்க முடிந்ததில்லை, கூட்டத்தான் முடிந்திருக்கிறது. தினமும் எண்ணப்படுகிற பொருளில் கை வைப்பது லேசில்லை.

இந்தச் சோறு என்ன செய்தது? பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவந்தது என்பது பழைய பதில். அதைவிட வியப்பான ஒன்று 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. இந்தியா முழுவதுமான புள்ளிவிவரங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் பிற்காலத்தில் பெற்ற பிள்ளைகள், வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேறியிருப்பதைக் கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி சாப்பிட்ட சாம்பார் சோறு, பதினைந்து இருபது ஆண்டு கழித்து அவள் குழந்தையின் உயரத்தில் தெரிகிறது. சமையலர் அம்மா ஒரு தட்டில் போட்டது இரண்டு தலைமுறைக்குப் போகிறது. சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதற்கு ஊர் எவ்வளவு தயார் என்பது வேறு கேள்வி. 2018இல் அவிநாசி வட்டாரத்தில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காக ஊரார் எதிர்த்தார்கள் என்பது பழங்கதையாகிவிடவில்லை.

சரி, தட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் அளவுகோல்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். அந்த 450இல் முக்கால் பங்கு அரிசியிலிருந்தே வந்துவிடுகிறது. நம் ஊரில் முட்டை இருப்பதால் அதற்கு மேல் ஒரு 6 கிராம் புரதம் கிடைக்கிறது. முட்டை கொடுக்க இன்னும் தயங்குகிற மாநிலங்களைப் பார்க்கும்போது நாம் எவ்வளவோ தேவலை. ஆனால் அந்த 50 கிராம் காய்கறி, மாதக் கடைசியில், தக்காளி விலை ஏறிய வாரத்தில், எவ்வளவு ஆகிறது என்பதை முன்வரிசையில் இருக்கும் அமைப்பாளர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பழி அவர்கள் மேல் இல்லை. காய்கறிக்கு ஒதுக்கும் காசு சந்தை விலையோடு ஓடிவருவதில்லை.

இதைவிடப் பெரிய குறை ரத்தத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1. தமிழ்நாட்டிலும் அந்த வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக்கொண்டிருக்கிற பெண்ணை ‘சோம்பேறி’ என்கிறோம். மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை, பாடம் மண்டையில் ஏறவில்லை என்பதெல்லாம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். உடற்பயிற்சி செய்யச் சொன்னால் அவள் நிழலில் ஒதுங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு மருந்து பள்ளிக்கே வருகிறது. வாரம் ஒரு நாள், வளரிளம் பருவத்தினருக்கு நீல நிற மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறத்தில் குறைந்த அளவு. மாத்திரை வருகிறது, உள்ளே போகிறதா என்றால், ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்கும் கொஞ்சம் இரும்புச்சத்து போய்ச் சேர்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பிள்ளை பயந்து வீட்டில் சொல்லும். அடுத்த வாரம் அம்மா ‘வேண்டாம்’ என்பார். ஆகவே மதிய உணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். கறுப்பாகப் போவது இயல்பு என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்களே, குறிப்பாக ஆசிரியைகளே, உங்களுக்கும் அந்த மாத்திரை தேவைப்படலாம். பிள்ளைகள் முன்னால் நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து அறிவுரையைவிட அது வேலை செய்யும்.

டீயை மட்டும் தள்ளி வையுங்கள். டீ, காப்பியோடு சேர்த்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும். ‘கீரை தின்றால் ரத்தம் ஊறும்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கீரை நல்லதுதான், முருங்கை இன்னும் நல்லது; ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் கொஞ்சமே உடம்பு எடுத்துக்கொள்ளும். புளிப்பான பழம் ஏதாவது கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாதம் போடுகிற நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொள்ள முடியுமானால் இரண்டும் பொருந்தும்.

குடற்புழுவை விட்டுவிட்டு இரும்பு கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. வெறுங்காலில் மண்ணில் நடக்கிற பிள்ளையின் பாதம் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு விடுபட்டோர் நாளும் உண்டு. அந்த நாளைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

காலை உணவுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், பிறகு படிப்படியாக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். வேலைக்கு விடியற்காலையில் வேன் ஏறிப் போகிற அம்மாமார்களின் வீடுகளில் பிள்ளைகள் டீயையும் பன்னையும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சில பேர் அதுவுமில்லாமல் வந்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்த ஆசிரியர்களுக்கு இந்தத் திட்டத்தின் அருமை தெரியும். என் ஒரே கேள்வி இது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று இத்திட்டம் வகுக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் பசி கோடை விடுமுறையோடு தீர்ந்துவிடுமா? அம்மா அதே வேனில்தான் போகிறார். உடம்பு வேகமாக வளரத் தொடங்குகிற வயதும் அதுதான். அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி இது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாகவும் கேட்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளின் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியபடியே மாலையில் வீட்டுக்குத் திரும்பும். தாகமில்லாமல் இல்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும்; கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது. நீர்க்கடுப்பு, தலைவலி, சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கிருந்து வருகிறது. கேரளப் பள்ளிகளில் 2019 வாக்கில் ‘வாட்டர் பெல்’ என்று மணியடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மணியடிக்கும் முன் தாழ்ப்பாள் போட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அணையாடைகளை எங்கே போடுவது என்று தெரியாமல் லீவு எடுக்கிற பெண்ணுக்கு எந்த மணியும் பயன்படாது. இதை ஆண் தலைமையாசிரியர்கள் பேசக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே தாழ்ப்பாள் வாங்கிப் போட்டாலும் சரி.

பள்ளிவாசலைப் பற்றி ஒரு சொல். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிகளின்படி கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. இந்த விதியை வைத்துக்கொண்டு முதலில் யாரை விரட்டுகிறோம் தெரியுமா? கூடையில் கொய்யாவும் நெல்லிக்காயும் அவித்த கடலையும் வைத்திருக்கும் பாட்டியை. எதிர்க் கடையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. பாட்டியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் என்பது என் கட்சி. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க எடுத்த குழந்தைகள் சத்துநிலைக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை இருந்தது. கட்டணப் பள்ளிகளின் கேன்டீன்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. பலகை ஒரு சுவரிலும் அதே பானம் எதிர்ச்சுவர் ஃபிரிட்ஜிலும் இருந்தால் என்ன செய்வது என்று அந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

இனி மைதானம்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலசைவு பெற வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். நம் பள்ளிகள் பலவற்றில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியட். ஒன்று 45 நிமிடம் என்றால் மொத்தம் 90. அதில் வரிசையில் நிற்க வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போக பத்து நிமிடம், திரும்பிவரப் பத்து நிமிடம். அறுபது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. பதினைந்து பேர் விளையாட, மீதிப்பேர் மரத்தடியில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். ஒரு பிள்ளைக்கு உண்மையில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று நீங்களே ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். இதில் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிய வாரங்களை நான் சேர்க்கவில்லை. உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு இந்த அளவு உடலசைவு கிடைப்பதில்லை என்று 2019இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. ஆகவே நாம் தனியாகக் கெட்டுப்போகவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டின் விதிகளிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ‘அவுட் ஆனவன் உட்கார்’ என்பது நம் பாதி விளையாட்டுகளின் சட்டம். முதலில் அவுட் ஆவது யார்? குண்டான பையன், மூச்சு வாங்குகிற பெண், கண் சரியாகத் தெரியாத பிள்ளை. ஓட வேண்டிய தேவை யாருக்கு மிக அதிகமோ அவர்களை ஐந்தாவது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவனைக் கடைசிவரை ஓடவிடுகிறோம். விதியைக் கொஞ்சம் மாற்றினால் போதும்: அவுட் ஆனவர் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே வரட்டும். கிளித்தட்டும் கோகோவும் பந்தே தேவைப்படாத விளையாட்டுகள். நொண்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போதும். கால் மணி நேரம் விடாமல் ஆடினால் பெரியவர்களுக்கே நாக்குத் தள்ளிவிடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை பையன்களை முந்தி ஓடியவள், எட்டாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் தோழிகளின் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். வயதுக்கு வந்தவள் குதிக்கக்கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். பள்ளி அதை மறுத்துப் பேசுவதில்லை. சுடிதாரும் அதன்மேல் கோட்டும் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்? விளையாட்டு நாளில் டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் எல்லோருக்கும் என்றாக்கினால் பாதித் தயக்கம் போய்விடும். எலும்புக்கு வேண்டிய வலிமையில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும்தான் அதைச் சேர்க்கின்றன. ஐம்பது வயதில் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்று மருத்துவமனை வரிசையில் நிற்கப்போகிறவளை, பதின்மூன்று வயதில் நாமே உட்கார வைக்கிறோம்.

கண்ணுக்கும் மைதானம் வேண்டும். தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை மளமளவென்று பெருகிக்கொண்டிருந்தது. 2010இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாளைக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கிற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன்பின் பார்வைக் குறைவின் ஏறுமுகம் திரும்பியது. பகல் வெளிச்சம்தான் மருந்து. நமக்கு வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் மார்ச், ஏப்ரல் மதியங்களில் பன்னிரண்டு மணிக்கு விளையாட்டுப் பீரியட் போடுகிற அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, காலை முதல் பீரியடையோ மாலைக் கடைசிப் பீரியடையோ மைதானத்துக்குக் கொடுக்கலாம்.

அடுப்புக்குக் கிடைத்த ஆள், இடம், கணக்கு மூன்றும் மைதானத்துக்குக் கிடைத்தனவா என்று பார்ப்போம். முதலில் ஆள். தொடக்கப்பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் என்று ஒருவர் இல்லை, வகுப்பாசிரியரே எல்லாம். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காக 2012இல், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், அன்றைய மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைக்குப் போவதும் வருவதுமாகக் காலம் போய்விட்டது. உயர்நிலைப் பள்ளியில் பி.இ.டி. சார் இருப்பார். அவருக்கு என்ன வேலை? பிரார்த்தனையில் வரிசையைச் சரிசெய்வது, தாமதமாக வருகிறவர்களை வாசலில் நிறுத்துவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, அமைச்சர் வந்தால் பந்தோபஸ்து. பள்ளியின் போலீஸ்காரராக அவரை மாற்றிவிட்டு, பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடுகிறார்கள் என்கிறோம். ஓடுவது ஒன்றுதான் இதில் லாபம்.

இடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சமையல்கூடமும் விளையாட்டு மைதானமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. சட்டம் இரண்டையும் சமமாகத்தான் பார்த்தது. சமையல்கூடத்தை இடித்துவிட்டு வகுப்பறை கட்ட யாருக்கும் துணிவு வராது. மைதானத்தில் கட்டுவார்கள். கூடுதல் வகுப்பறை, ஸ்மார்ட் கிளாஸ், சைக்கிள் ஷெட், மிச்ச இடத்தில் பழைய பெஞ்சுக் குவியல்.

கணக்கு. இங்கேதான் உண்மையான வேறுபாடு. இன்று 112 பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதாமல் சத்துணவு மையத்தைப் பூட்ட முடியாது. இன்று 112 பேர் விளையாடினார்கள் என்று எழுத நோட்டே இல்லை. எழுதாததை யாரும் கேட்பதில்லை. கேட்காததை முதலில் வெட்டுகிறோம். உடற்கல்விக் கல்லூரியையும் சிற்றுண்டியையும் ஒரே ஆண்டில் பெற்ற நகரத்தின் வாரிசுகள், ஒன்றை எண்ணினோம், மற்றதை எண்ணவில்லை. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில் தலைமையாசிரியர்கள் மனசுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: ‘தேர்ச்சி விகிதம் குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் என்னைத்தான் கூப்பிடுவார், உங்களை இல்லை.’ நியாயம்தான். ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், விளையாட்டு நேரத்தைக் கூட்டிய பள்ளிகளில் மதிப்பெண் குறைந்ததாகக் காணவில்லை. கவனமும் வகுப்பறை நடத்தையும் மேம்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. மறுபக்கத்தை நம் அனுபவமே சொல்லும். ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புக்கு விளையாட்டை நிறுத்திக் காலை, மாலை சிறப்பு வகுப்பு வைக்கிறோம். அந்த மூன்று மாதத்தில் பிள்ளைகள் தூங்காமல், கழுத்து வலி, வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதும் கூடுகிறது. மூளைக்கு ரத்தம் போகிற வழியும் இதே உடம்புக்குள்தான் இருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பெரிய நிதி எதுவும் கேட்கப்போவதில்லை. சமையல்கூடத்துக்கு வெளியே இன்றைய உணவு, சாப்பிட்டவர் எண்ணிக்கை என்று எழுதுகிற பலகை இருக்கிறது. அதில் கீழே இன்னொரு வரி வேண்டும்: இன்று எந்தெந்த வகுப்புகள் மைதானத்துக்குப் போயின, எத்தனை நிமிடம். கடன் போன பீரியட் என்றால் யார் வாங்கினார் என்பதும் அதிலேயே வரட்டும். கடன் வாங்குகிறவர்கள் பெயர் பலகையில் வருவதை விரும்ப மாட்டார்கள். எழுதுகிற வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் பொய்க்கணக்கு எழுதச் சொல்ல யாருக்கும் மனம் வராது, சொன்னாலும் வெளியே சொல்லிவிடுவார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு நீங்கள்தான். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சோற்றில் உப்பு இல்லை என்றால் சமையல்கூடத்துக்கே போய்க் கேட்கிறீர்கள். அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் கட்டடம், கழிப்பறை, இடைநின்ற பிள்ளைகள் என்று வழக்கம்போல வரிசையாக இருக்கும். அதோடு ‘பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட், ஜனவரி முதல் மார்ச் வரை’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்தால், என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

மணி ஐந்தாகிறது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். தலைமையாசிரியர்கள் திட்டுவதென்றாலும் இப்போதே திட்டிவிடலாம்.